குழிக்குள் கிடந்த வீல் கப்

வாழ்க்கையில் நான் நிறையப் பொய் சொல்லியிருக்கிறேன். ஆனால் நீள அகலத்தோடு சொல்லக்கூடிய பொய் ஒன்றுதான். நீளம் மூன்றடி, அகலம் இரண்டடி, ஆழம் முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே. மற்றவை எல்லோரும் சொல்கிற சில்லறைப் பொய்கள். கட்டிலில் படுத்துக்கொண்டே "வந்துகொண்டிருக்கிறன்" என்பது, உப்பே இல்லாத கறியை "நல்லா இருக்கு" என்பது, இப்படி. அவற்றை யாரும் அளந்து பார்த்ததில்லை. இதை மட்டும் நூற்றைம்பது பேர் ஒரு வெள்ளைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தார்கள். முன்வரிசையில் நடுக்கதிரையில் இருந்து பார்த்தவரின் மகளைத்தான் நான் கல்யாணம் கட்ட ஆசைப்பட்டிருந்தேன்.

அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. மொன்றியலுக்கு வந்து ஆறு வருடம். டவுன்டவுனில் ஓர் உணவகத்தின் சமையலறையில் பகல் வேலை. மொன்றியல்-நோரில் நிலமட்டத்துக்குக் கீழே ஓர் அறை. ஜன்னலால் பார்த்தால் தெருவில் போகிறவர்களின் சப்பாத்துகள் தெரியும். (ஆறு வருடத்தில் அயலவர்கள் எல்லோரையும் சப்பாத்தை வைத்தே அடையாளம் காணப் பழகியிருந்தேன். முகம் பார்த்தால் யாரென்று தெரியாது.) அறையை என்னோடு பகிர்ந்துகொண்டவன் மன்னார்ப் பெடியன் றூபன். நல்லவன். அவனுக்கு நான் செய்த அநியாயம் பின்னால் வருகிறது.

என்னுடைய ஊர் பனிச்சம்பிட்டி. பிரதான வீதியில் இருந்து உள்ளே மூன்று கட்டை, அதாவது மூன்று மைல். மாரி தொடங்கினால் அந்த மூன்று கட்டைத் தூரமும் சேறு. உயர்தரம் படித்த காலத்தில் சைக்கிள் என்னைச் சுமந்த தூரத்தை விட நான் சைக்கிளைச் சுமந்த தூரம் அதிகம். பஸ் பிரதான வீதியோடு நின்றுவிடும். ஒருமுறை என் சித்தப்பாவைப் பாம்பு கடித்தது. ஓட்டோ வராது, ட்ரக்டர் குளக்கட்டடியில் புதைந்து நின்றது. சித்தப்பாவை ஒரு மரக்கதிரையில் இருத்தி, நானும் அவருடைய மகன் கேதீஸும் இன்னும் இரண்டு பேரும் தூக்கிக்கொண்டு மூன்று கட்டையும் நடந்தோம். சித்தப்பா பிழைத்துவிட்டார். ஆனால் அந்த நடையை நான் மறக்கவில்லை. ஆகவே பின்னால் நான் செய்த கூத்தையெல்லாம் பார்த்துவிட்டு, எனக்கு அந்த வீதியில் அக்கறையே இல்லை என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். அக்கறை இருந்தது. விசாரிக்கும் பழக்கம்தான் இருக்கவில்லை.

ஒருவன் ஊரை விட்டு வெளிக்கிடும் அன்று அங்கே மழை பெய்தால், அவன் வெளிநாட்டில் இருக்கும் காலம் முழுவதும் ஊரில் மழை பெய்துகொண்டேதான் இருக்கும். நான் வெளிக்கிட்டது ஒரு மார்கழி மாதம். அம்மாவும் அப்பாவும் அதே வருடம் கொழும்பில் அக்கா வீட்டோடு போய்விட்டார்கள். அதனால் ஊர்ச் செய்தி சொல்ல கேதீஸைத் தவிர வேறு ஆள் இல்லை. அவன் ஓட்டோ ஓட்டுகிறான் என்று தெரியும். அந்தச் சேற்றில் ஓட்டோ எப்படி ஓடுகிறது என்று ஒருநாளாவது யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை.

மொன்றியலில் எங்கள் ஊர்க்காரருக்கு ஒரு சங்கம் இருந்தது. பனிச்சம்பிட்டி மக்கள் ஒன்றியம் (மொன்றியல்). அந்த அடைப்புக்குறி முக்கியம். ரொறன்ரோவில் இன்னொன்று இருக்கிறது, எங்களோடு கதைப்பதில்லை. எங்கள் சங்கத்தின் தலைவர் பொன்னுத்துரை ஐயா. டொலார்ட்-டெஸ்-ஓர்மோ என்ற புறநகரில் வீடு, வீட்டுக்கு முன்னால் புல், அந்தப் புல்லை வெட்டுவதற்கென்று ஒரு தொப்பி. அவருடைய மகள் மதுரா ஒரு கார்டரியில் சின்னப் பிள்ளைகளைப் பராமரிக்கும் வேலை செய்தாள். கோயில் திருவிழா ஒன்றில் அவள் இரண்டு பிள்ளைகளின் சண்டையைப் பிரெஞ்சில் தீர்த்துவைத்ததைப் பார்த்த நாளிலிருந்து எனக்கு வேலையில் வெங்காயம் வெட்டும்போது கை வெட்டுப்படத் தொடங்கியது. தெரிந்த அன்ரி ஒருவர் மூலம் பேச்சை எடுத்தேன். பொன்னுத்துரை ஐயா இல்லை என்றும் சொல்லவில்லை, ஓம் என்றும் சொல்லவில்லை.

"கிச்சினில வேலை செய்யிறது ஒரு பிரச்சினை இல்லை," என்றாராம். "பெடியன் ஊருக்கு என்ன செய்யிறான் எண்டு பாப்பம்."

பார்ப்பதற்கு வழியும் அவரே செய்தார். அந்த வருட ஒன்றுகூடலில் பனிச்சம்பிட்டி வீதியைத் திருத்தும் வேலையைச் சங்கம் பொறுப்பெடுப்பதாகத் தீர்மானம் கொண்டுவர வேண்டும். அதற்கு முன் வீதியின் நிலைமையைப் படங்களோடு சனத்துக்கு விளக்க வேண்டும். அந்தப் பொறுப்பு என்னுடையது. நிர்வாகக் குழுவில் பன்னிரண்டு பேர். வீதியைப் பற்றி ஏழு கூட்டம் போட்டோம். தார் போடுவதா, கொங்கிறீற் போடுவதா என்று மட்டுமே மூன்று கூட்டம். நினைவுக்கல்லில் யார் பெயர் மேலே வருவது என்பதற்கு இரண்டு. அந்த ஏழு கூட்டத்திலும் ஊருக்கு ஒரு போன் எடுத்துக் கேட்போம் என்று ஒருவரும் சொல்லவில்லை. எல்லோருக்கும் வீதி தெரியும்தானே. எல்லோரும் அதில் விழுந்தவர்கள்தானே.

நான் கேதீஸிடம் படம் கேட்டேன். "வீதிப் படம் ரெண்டு மூண்டு எடுத்து அனுப்படா."

அவன் அனுப்பினான். கறுத்து மினுங்கும் ஒரு வீதி, ஓரத்தில் வெள்ளைக்கோடு, நடுவில் ஒரு சிறுமி கைகளை விட்டுவிட்டுச் சைக்கிள் ஓடுகிறாள். எனக்குக் கோபம் வந்தது. உடனே போன் எடுத்தேன்.

"டேய், உன்னட்டை மெயின் றோட்டுப் படமே கேட்டனான்? எங்கட றோட்டுப் படம் அனுப்பு."

"அண்ணை, உது எங்கட றோட்டுத்தான்."

"பகிடி விடாத. எனக்கு இது வாழ்க்கைப் பிரச்சினை."

"சத்தியமா அண்ணை. குளக்கட்டடி. பின்னால பனிச்சமரம் தெரியுதெல்லோ?"

பனிச்சமரம் தெரிந்தது. உலகத்தில் வேறு பனிச்சமரமே இல்லையா என்று கேட்டு, சோம்பேறி என்று ஏசிவிட்டு வைத்தேன். அடுத்த நாள் அவன் ஓர் ஆட்டின் படத்தை அனுப்பினான். ஆடும் அதே வீதியில்தான் நின்றது. அதையும் நான் நம்பவில்லை.

ஒன்றுகூடலுக்கு இன்னும் ஒரு மாதம். ஏப்ரல் கடைசி. பனி உருகி, மொன்றியல் தெருக்கள் எல்லாம் குழியும் தண்ணீருமாகக் கிடந்த காலம். எங்கள் வாசலுக்கு நேர் எதிரே ஒரு குழி இருந்தது. யாரோ ஒரு செம்மஞ்சள் கூம்பை அதற்குள் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். கூம்பின் நுனி மட்டும் வெளியே தெரிந்தது. ஒரு சனிக்கிழமை காலை டெப்பனர் என்கிற மூலைக்கடையில் பால் வாங்கிக்கொண்டு வரும்போது அந்தக் குழிக்கு முன்னால் நின்றேன். மண்ணிறத் தண்ணீர், இடிந்த கரை, மிதக்கும் குப்பை. பனிச்சம்பிட்டி வீதி எட்டாயிரம் சொச்சம் மைல் நடந்து என்னைத் தேடி வந்து என் வாசலில் படுத்திருப்பதாக எனக்குத் தோன்றியது. (மூளை என்று ஒன்று இருந்தால் வேறு மாதிரித் தோன்றியிருக்கும்.)

வேலையை முறையாகச் செய்தேன். கூம்பைத் தூக்கி ஓரத்தில் வைத்தேன். ஊர்ச் சூழல் வேண்டுமென்று தமிழ்க் கடையில் உறைநிலையில் விற்கும் வாழையிலைப் பைக்கற் ஒன்று வாங்கி வந்து, இலைகளைக் குழியின் கரையோடு செருகினேன். றூபனுக்குச் சாரம் உடுத்தி, பழைய சேர்ட் போட்டு, ரப்பர் செருப்போடு குழிக்குள் இறக்கினேன். வெளியே நாலு பாகைக் குளிர். முகம் முழுதாகத் தெரியக்கூடாது, துயரம் மட்டும் தெரிந்தால் போதும் என்று சொல்லியிருந்தேன்.

"டேய், உங்கட ஊரில சனம் இப்பிடியே விறைச்சுக்கொண்டு நிக்கும்?" என்று பற்கள் அடிபடக் கேட்டான் றூபன்.

"கதையாத. கஷ்டப்படு."

மேல்வீட்டு எயிற்றி நாட்டு அம்மா ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தார். பாவாடை போன்ற ஒன்றைக் கட்டிக்கொண்டு ஓர் ஆள் குழிக்குள் நிற்க, இன்னொருவன் வாழையிலைகளைச் சரி செய்துகொண்டிருந்தான்.

"சா வா, மிஸ்யே?" என்று, எல்லாம் சரிதானா என்கிற கவலையோடு கேட்டார்.

"சா வா, மெர்சி," என்றேன். அவர் ஜன்னலை மூடினார். அதன் பிறகு அந்த வீட்டுப் பிள்ளைகள் எங்களோடு கதைக்கவில்லை.

தண்ணீருக்குள் வட்டமாக ஏதோ மினுங்கியது. பானை மூடியாக இருக்கும் என்று நினைத்தேன். வறுமைக்கு நல்லதுதானே என்று அப்படியே விட்டுவிட்டேன்.

ஒன்றுகூடல் மே மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை. கோயில் மண்டபம் நிறைந்திருந்தது. நிகழ்ச்சியின் முடிவில் ஊரோடு நேரடி வீடியோ அழைப்பும் வைத்திருந்தேன். கேதீஸை அங்கே இரவு எட்டு மணிக்கு (இங்கே காலை பத்தரை) குளக்கட்டடியில் நின்று, மக்கள் படும் பாட்டைப் பற்றி நாலு வார்த்தை சொல்லச் சொல்லியிருந்தேன். அவன் "என்ன பாடு அண்ணை?" என்று கேட்டான். அதற்குள் எனக்கு வேறு வேலை வந்து வைத்துவிட்டேன். மடிக்கணினியை இயக்க மதுரா இருந்தாள். நான் வாங்கிய புதுக் கோட்டைப் பார்த்து இலேசாகச் சிரித்தாள். கோட்டின் கையில் விலைத்துண்டு தொங்கிக்கொண்டிருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது.

நான் பேசினேன். அன்று போல் வாழ்க்கையில் பேசியதில்லை. சித்தப்பாவைக் கதிரையில் தூக்கிய கதையைச் சொன்னபோது மண்டபம் அமைதியாகிவிட்டது. அடுத்து அந்தப் படம் திரையில் வந்தது.

"இதுதான் உறவுகளே, இன்றைய பனிச்சம்பிட்டி. இந்தக் குழியைத் தாண்டித்தான் எங்கள் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். இதோ நிற்கும் இந்த ஏழை விவசாயியின் கண்ணில் தெரியும் நீரைப் பாருங்கள்."

கண்ணில் நீர் உண்மையில் தெரிந்தது. நாலு பாகையில் யாருக்கும் தெரியும். இரண்டாவது வரிசையில் ஒரு அன்ரி சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தார். பொன்னுத்துரை ஐயா கண்ணாடியைக் கழற்றினார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் நெகிழ்ந்துவிட்டார் என்று பொருள். என் மனதில் நாதஸ்வரம் கேட்டது.

அப்போது பின்னால் ஒரு கதிரை கிறீச்சிட்டது. தியாகு அண்ணை எழுந்து நின்றார். அவர் மொன்றியல் முழுக்க வீட்டு விசேஷங்களுக்குச் சிற்றுண்டி செய்து கொண்டுபோய்க் கொடுக்கிறவர். அன்றைய ரோல்ஸும் அவருடையதுதான்.

"தம்பி, படத்தை ஒருக்காப் பெரிசாக்கும்."

"ஏன் அண்ணை?"

"அந்தத் தண்ணிக்குள்ள கிடக்கிறது என்ர காற்ற வீல் கப்."

மண்டபம் சிரித்தது. நானும் பெருந்தன்மையாகச் சிரித்தேன். "அண்ணை, அந்த மாதிரிக் கார் ஊரிலயும் ஓடுது."

"ஓடட்டும். அவையளும் சிவப்பு பிளாஸ்ரிக் கட்டால மூண்டு இடத்தில கட்டியோ ஓடீனம்?" தியாகு அண்ணை திரைக்குக் கிட்ட வந்துவிட்டார். "போன மாசம் றூபன்ர பிறந்தநாளுக்கு உங்கட வீட்டுக்கு ரோல்ஸ் கொண்டு வந்தன். வரேக்க நாலு இருந்தது. வீட்டை போய்ப் பாத்தா மூண்டு. ஒரு மாசமா தேடுறன்."

மதுரா யாரும் கேட்காமலே படத்தைப் பெரிதாக்கினாள். வீல் கப் வந்தது. சிவப்புக் கட்டுகள் வந்தன, மூன்று. அடுத்து ஏன் என்று தெரியாது, அவள் வாழையிலைக்குப் போனாள். திரை முழுக்க ஒரு வாழையிலை. நாலு மூலையும் வெட்டிய, அச்சொட்டான நீள்சதுர வாழையிலை. அதன் ஓரத்தில் இன்னும் கொஞ்சம் ஐஸ் ஒட்டியிருந்தது. அடுத்து விவசாயியின் முகத்துக்குப் போனாள். முன்வரிசையில் ஒரு சின்னப் பெண் பின்னால் திரும்பி, "அந்த அங்கிள் அங்க இருக்கிறார்," என்று கை காட்டினாள். பனிச்சம்பிட்டியின் ஏழை விவசாயி கடைசி வரிசையில் மூன்றாவது மட்டன் ரோல்ஸைக் கடித்துக்கொண்டிருந்தார். நூற்றைம்பது பேரும் திரும்பினார்கள். றூபன் மெல்லுவதை நிறுத்திவிட்டு எழுந்து நின்று வணக்கம் சொன்னான். (அவன் கெட்டவன் இல்லை என்று முதலே சொன்னேன்.)

பொன்னுத்துரை ஐயா கண்ணாடியைத் திரும்பப் போட்டார்.

"தம்பி, இது எந்த இடம்?"

கல்யாணம் என் கண்முன்னாலேயே தண்ணீரில் மூழ்கிக்கொண்டிருந்தது. ஒன்றே ஒன்றுதான் என்னைக் காப்பாற்ற முடியும். உண்மையான வீதி. படம் பொய்யாக இருக்கலாம், வீதியின் நிலைமை பொய்யில்லையே. அங்கே கேதீஸ் சேற்றுக்குள் நிற்பான். அதைக் கண்டால் சனம் என்னை மன்னிக்கும். என் முழு நம்பிக்கையையும் அந்தச் சேற்றின் மேல் வைத்தேன்.

"ஐயா, படம் பிழைதான். அவசரத்தில எடுத்தது. ஆனா ஊரை நான் இப்ப நேரில காட்டுறன். உங்கட கண்ணாலயே பாருங்கோ." மதுராவைப் பார்த்து, "போடுங்கோ," என்றேன்.

கேதீஸ் வந்தான். அவனுக்கு மேலே ஒரு தெருவிளக்கு எரிந்தது. அவனுக்குப் பின்னால், ஒரு சுருக்கம் கூட இல்லாத கறுத்த வீதியில், நாலு பிள்ளைகள் பட்மின்ரன் விளையாடிக்கொண்டிருந்தார்கள். வெள்ளைக்கோட்டை எல்லையாக வைத்துக்கொண்டு.

"வணக்கம் அண்ணை! குளக்கட்டடியிலதான் நிக்கிறன். கேக்குதே?"

கேட்டது. மண்டபத்தின் நாலு மூலை ஒலிபெருக்கியிலும் கேட்டது.

"டேய், நீ மெயின் றோட்டிலயா நிக்கிறாய்?" என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"ஐயோ அண்ணை, திரும்பவுமே? படம் அனுப்பினன், மெயின் றோட்டுப் படம் வேண்டாம் எண்டு ஏசினீங்கள். ஆட்டை வைச்சு எடுத்து அனுப்பினன், அதுக்கும் ஒண்டும் சொல்லேல்லை. கார்ப்பெட் றோட்டுப் போட்டு வாற ஆவணியோட ரெண்டு வருஷம். பஸ் உள்ளுக்கு வருது." அவன் முகத்தைக் கமராவுக்குக் கிட்டக் கொண்டுவந்தான். "அண்ணை, அப்பாவைக் கதிரையில தூக்கிக்கொண்டு ஓடினது ஞாபகமிருக்கோ? போன மாசம் அவருக்கு நெஞ்சு நோ. போன் பண்ணினம். அம்புலன்ஸ் எங்கட வாசல் படலைக்கே வந்தது. அடுத்த கிழமை நடந்து வீட்டை வந்திட்டார்."

நான் அழுதுவிட்டேன். அந்த மூன்று கட்டையும், கதிரையின் கால் என் தோளை அறுத்ததும், சித்தப்பாவின் வாயோரம் நுரை தள்ளியதும் எல்லாம் ஒரேயடியாக வந்தன. சித்தப்பாவை இனி யாரும் சுமக்கத் தேவையில்லை. எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அன்று அந்த மேடையில் நான் செய்ததில் உண்மையானது அந்த அழுகை மட்டும்தான். அதை ஒருவரும் நம்பவில்லை. "நல்லா நடிக்கிறான்," என்று முன்வரிசையில் யாரோ சொன்னது எனக்குக் கேட்டது.

பொன்னுத்துரை ஐயா எழும்பினார். நான் இறங்கத் தயாரானேன். அவர் வாயைத் திறப்பதற்குள் கேதீஸின் கையிலிருந்த போனை யாரோ பறித்தார்கள். திரை முழுக்க ஒரு பெண்மணியின் நெற்றியும் திருநீறும் வந்தன. ஐயாவின் அக்கா, மகேஸ்வரி மாமி.

"துரை! நீ அதிலயே இருக்கிறாய்? என்ன றோட்டு போடப் போறியளாம்?"

"இல்லை அக்கா, அது…"

"ரெண்டு வருஷத்துக்கு முந்தி உனக்குப் போனில நான் சொன்னனானோ இல்லையோ? கல்லு பறிக்கிறாங்கள், தார் ஊத்துறாங்கள் எண்டு அரை மணித்தியாலம் சொன்னன். நீ 'ஓம் ஓம்' எண்டு கொண்டு டிவி பாத்தனி. சத்தம் கேட்டது."

மண்டபம் கூரையைப் பார்த்தது. பொன்னுத்துரை ஐயா மெதுவாகத் திரும்ப இருந்தார். அன்று என்னைக் காப்பாற்றியது சேறு இல்லை, அந்த அம்மாதான். அவருக்கு அது இன்றைக்கும் தெரியாது.

அதற்குப் பிறகு நடந்ததை யாரும் நிகழ்ச்சிநிரலில் போட்டிருக்கவில்லை. பின்வரிசையில் இருந்து ஒருவர், "கேதீஸ், எங்கட படலையை ஒருக்காக் காட்டும் பாப்பம்," என்று கத்தினார். கேதீஸ் மாமியை ஓட்டோவில் ஏற்றி, போனை முன் கண்ணாடியில் செருகிவிட்டு ஓடத் தொடங்கினான். பின்னால் இருந்து மாமி வர்ணனை சொன்னார். கத்தரிக்காய் லொறி காலையில் படலைக்கே வருகிறது, முந்தி பிரதான வீதிக்குக் கொண்டுபோவதற்குள் பாதி நசிந்துவிடும். ஐப்பசியில் காணாமல் போய்த் தையில் திரும்பி வரும் விஞ்ஞான ரீச்சர் இப்போது ஒவ்வொரு நாளும் வருகிறா, பிள்ளைகளுக்கு அது பெரிய கவலை. மாமி கண் கிளினிக்குக்குப் போய் வந்து மத்தியானச் சோற்றையும் வைத்துவிடுகிறா. இருபது வருடம் ஊரைக் காணாதவர்கள் கதிரைகளை இழுத்துக்கொண்டு முன்னால் வந்தார்கள். "மெல்ல ஓடு, மெல்ல ஓடு, அதுதான் எங்கட வீடு." மூன்று கட்டையும் நாங்கள் அந்தத் திரைக்குள்ளே போனோம். படம் ஒருமுறை கூட ஆடவில்லை. ரோல்ஸ் ஆறிப்போனதைப் பற்றித் தியாகு அண்ணை கூட ஒன்றும் சொல்லவில்லை.

கடைசியில் ஐயா எழுந்து, தொண்டையைச் செருமி, தலைவர் குரலில் கேட்டார். "அப்ப அக்கா, ஊருக்கு இப்ப என்னதான் தேவை?"

மாமி யோசிக்கவே இல்லை. "றோட்டு வழுக்கிக்கொண்டு கிடக்கு. பெடியள் மோட்டார்ச் சைக்கிளில பறக்கிறாங்கள். பள்ளிக்கூடத்தடியில பிள்ளையள் கடக்கப் பயமாக் கிடக்கு. அதில ரெண்டு மேடு போட்டுத் தாங்கோ."

இப்படித்தான், வீதியை மட்டமாக்குவதற்கென்று ஏழு கூட்டம் போட்ட பனிச்சம்பிட்டி மக்கள் ஒன்றியம் (மொன்றியல்), அந்த மட்டமான வீதியில் இரண்டு மேடு போடுவதென்று ஏகமனதாகத் தீர்மானித்தது. முன்மொழிந்தது நான். யாரோ ஒருவர் முன்மொழிய வேண்டும், மேடையில் ஏற்கெனவே நின்றது நான் மட்டும்தான். மதுராவின் தகப்பன் வழிமொழிந்தார்.

இரண்டு கிழமை கழித்து அந்த அன்ரி செய்தி கொண்டுவந்தார். "பெடியன் ஊருக்கு ஒண்டும் செய்யேல்லை. நானும் செய்யேல்லை. பிள்ளைக்கு விருப்பமெண்டா எனக்கு மறுப்பில்லை," என்றாராம் ஐயா.

பிள்ளைக்கு ஏன் விருப்பம் என்பது எனக்கு நெடுநாள் விளங்கவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு ஒருநாள் கேட்டேன்.

"வாழையிலை நீள்சதுரமா முளைக்காது எண்டு எனக்கு நிகழ்ச்சிக்கு முதலே தெரியும்," என்றாள் மதுரா. "கார்டரியில நான் நாலு வயசுப் பிள்ளையளோட வேலை செய்யிறன். அதுகள் உங்களை விட நல்லாப் பொய் சொல்லும். இவ்வளவு மோசமாப் பொய் சொல்லுற மனுசன் கூட இருந்தா வீட்டில பயமில்லை எண்டு நினைச்சன்."

"தெரிஞ்சா ஏன் அண்டைக்குப் பெரிசாக்கினனீங்கள்?"

"வடிவாத் தெரியட்டும் எண்டுதான்."

தியாகு அண்ணைக்கு வீல் கப்பைக் கழுவித் துடைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்க மறுத்துவிட்டார். கல்யாணத்தன்று அதையே மினுங்கல் தாளில் சுற்றி, எங்களுக்குப் பரிசாகத் தந்தார். இப்போது எங்கள் சமையலறைச் சுவரில் தொங்குகிறது, சிவப்புக் கட்டுகளோடு. எனக்கு இரண்டு பிள்ளைகள். நான் வேலையால் பிந்தி வந்து "ட்ரஃபிக்" என்று சொன்னால், மூத்தவள் சாப்பாட்டில் இருந்து தலையை நிமிர்த்தாமல் "படம் இருக்கோ?" என்று கேட்பாள். இளையவனுக்கு அந்தக் கதை முழுதாகத் தெரியாது, ஆனாலும் எழும்பிப் போய்ச் சுவரில் இருக்கும் வீல் கப்பை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு வருவான்.

போன வருடம்தான் முதன்முறையாகக் குடும்பத்தோடு ஊருக்குப் போனோம். கேதீஸ் ஓட்டோவோடு வருகிறேன் என்றான். நான் பஸ்ஸில் வருகிறோம் என்று பிடிவாதமாகச் சொல்லிவிட்டேன். பனிச்சம்பிட்டிக்குள் பஸ் போவதை நான் அதற்குள் இருந்தே பார்க்க வேண்டும். பஸ் பிரதான வீதியில் திரும்பி உள்ளே இறங்கியது. சைக்கிளைத் தோளில் வைத்து நடந்த இடங்களை எல்லாம் ஜன்னலோரம் இருந்து பார்த்துக்கொண்டே வந்தேன். எதுவும் என்னைக் குலுக்கவில்லை. பள்ளிக்கூடம் கிட்டியதும் பஸ் வேகத்தைக் குறைத்தது. முன்சில்லு ஒரு மேட்டில் ஏறி இறங்கியது. எல்லோரும் ஒருமுறை துள்ளினோம். கண்டக்டர் கதவில் தட்டிக் கத்தினார்.

"மொன்றியல்! மொன்றியல் ஆக்கள் எல்லாம் இறங்கு!"

நான் அதிர்ந்து போய்ப் பார்த்தேன். மேட்டுக்குப் பக்கத்தில் நட்ட கல்லில் சங்கத்தின் நீளமான பெயர் முழுதும் மழையில் அழிந்து, அடைப்புக்குறிக்குள் இருந்தது மட்டும் மிஞ்சியிருந்தது. எப்படியும் பஸ் அதில் மெதுவாகப் போகத்தானே வேண்டும் என்று அதையே தரிப்பிடமாக்கிவிட்டார்கள். எனக்கு முன்னால் இருந்த ஓர் அம்மா, கத்தரிக்காய் விற்ற வெறும் சாக்கை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, நிதானமாக மொன்றியலில் இறங்கினார். விசா ஒன்றும் கேட்கப்படவில்லை.

"அப்பா, நாங்கள் திரும்பி வந்திட்டமா?" என்று இளையவன் கேட்டான்.

இறங்கினேன். மேட்டில் கால் தடக்கி, நூற்றைம்பது பேருக்கு முன்னால் நான் முன்மொழிந்த அதே மேட்டிலேயே முழங்கால் அடிபட விழுந்தேன். மதுரா முதலில் படம் எடுத்தாள். பிறகுதான் தூக்கிவிட்டாள்.

வீடு திரும்பியதும் அந்தப் படத்தைத் தியாகு அண்ணையிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பெரிதாக்கி, மூலை மூலையாக நெடுநேரம் பார்த்தார்.

"ஓம்," என்றார். "இது ஊர்தான்."